பக்கத்து வீட்டுக் காற்று

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், வேதியியல் படித்தவர் என்பதால் ஓர் அறிவியலாளரின் வாழ்க்கையாக இருந்தால் நன்று என்று கழகத்துத் தம்பிகளும் தங்கைகளும் கேட்டிருந்தார்கள். பட்டம் பெற்று வெளியேறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னமும் நினைவு வைத்துக் கேட்கிறார்களே என்ற மகிழ்ச்சியில் உடனே ஒப்புக்கொண்டேன். யாரைப் பற்றி எழுதுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஜோசப் பிரீஸ்ட்லி. உயிர்வளியைக் கண்டறிந்தவர் என்று பள்ளிப் பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடுகிற அதே பிரீஸ்ட்லிதான். ஆனால் நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது பாடநூல் வழியாக அல்ல. எங்கள் வீட்டுச் சமையலறையில் வெடித்த ஒரு போத்தல் வழியாக.

எனக்கு வீட்டிலேயே இஞ்சிப் பானம் செய்யும் பழக்கம் உண்டு. இஞ்சியைத் துருவி, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, சிறிது ஈஸ்ட் தூவி, போத்தலில் அடைத்து வைத்தால் இரண்டு நாளில் பொங்கும். ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்ட என் வகுப்புத் தோழன் ஒருவன் இதே முறையில் பீர் காய்ச்சுகிறான். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவது சட்டப்படி குற்றம் என்பதால் நான் இஞ்சியோடு நின்றுகொண்டேன். ஒரு நாள் மூன்றாம் நாளும் போத்தலை மேசையிலேயே மறந்துவிட்டேன். பினாங்கு வெயில் ஈஸ்டுக்கு மிகவும் பிடித்தமானது. அம்மா விளக்கேற்ற முன்கூடத்துக்குப் போன இரண்டு நிமிடத்தில் போத்தல் வெடித்தது. கண்ணாடித் துண்டு ஒன்று அலமாரிக் கதவில் குத்தி நின்றது. அம்மா நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால் இருக்கும் கதவு அது.

இனி அடைத்த போத்தலில் நொதிக்க விடுவதில்லை என்று முடிவு செய்தேன். பானத்தைத் தனியாகச் செய்து குளிரவைத்து, வேண்டிய அழுத்தத்தில் கரிவளியைச் சிலிண்டரிலிருந்து செலுத்திவிட்டால் ஆபத்தில்லை. (தமிழ்நாட்டு நூல்களில் இது கரியமில வாயு. நம் தமிழ்ப்பள்ளிகளில் கரிவளி என்றே படித்தோம், அப்படியே எழுதுகிறேன்.) வேலை எளிது என்று நினைத்துக்கொண்டுதான் சிலிண்டர் தேடப் புறப்பட்டேன்.

பிறைப் பக்கம் உள்ள தொழிற்சாலை வளி விற்பனையாளர்கள் நிறுவனப் பதிவு இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒற்றைச் சின்னச் சிலிண்டருக்காகக் கணக்குத் திறக்க அவர்களுக்கு விருப்பமில்லை. சோடாக் குடுவைக்கான 8 கிராம் குப்பிகள் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரு லிட்டர் சோடாவுக்கே அந்த 8 கிராமும் போய்விடும். கிராம் கணக்கில் பார்த்தால் அதைப்போல விலை உயர்ந்த கரிவளி வேறில்லை. இரண்டு கிலோ சிலிண்டர் ஒன்று இருந்தால், வீணாவது போகவும், இருநூறு லிட்டருக்கு மேல் செய்யலாம். வேடிக்கை என்னவென்றால் உள்ளே இருக்கும் வளி மலிவு. அதை அடைத்து வைத்திருக்கும் எஃகுதான் விலை.

ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய இரும்புக் கடையில் தீயணைப்புக் கருவியிலிருந்து கழற்றிய சிலிண்டர் ஒன்று மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பதாக இருந்தது. பணத்தை எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்றிருந்த சீனப் பெரியவர் ஒருவர், வெல்டிங் வேலை செய்பவர் போலிருக்கிறது, சிலிண்டரின் கழுத்தைத் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். அழுத்தச் சோதனை செய்த தேதி அங்கே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். துருவுக்குக் கீழே எதுவுமே தெரியவில்லை. 30 பாகை வெப்பத்தில் கரிவளிச் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறக்குறைய 72 பார். கார் டயரில் இருப்பதைப்போல் முப்பது மடங்கு. 31 பாகையைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று ஒன்று இருக்காது. அளவுக்கு மீறி நிரப்பிய சிலிண்டரில் அழுத்தம் அதன்பிறகு கிடுகிடுவென ஏறும். நம் ஊரில் எந்த மதியம் 31 பாகையைத் தாண்டுவதில்லை? போத்தலுக்குப் பதில் குண்டு ஒன்றையே அம்மா பக்கத்தில் வைக்கப் பார்த்தேனே என்று வெறுங்கையோடு வீடு திரும்பினேன்.

அந்த வாரம்தான் இந்தக் காற்றைத் தண்ணீரில் முதன்முதலில் ஏற்றியவர் எங்கிருந்து அதைப் பெற்றார் என்று தேடிப் படித்தேன். அவருக்கு அது இலவசமாகக் கிடைத்திருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து.

பிரீஸ்ட்லி 1733இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷர் மாவட்டத்தில், லீட்ஸ் நகருக்கு அருகில் பிறந்தார். தந்தை கம்பளித் துணிக்கு மெருகேற்றும் தொழிலாளி. தாய் சின்ன வயதிலேயே இறந்துவிட, அத்தை வளர்த்தார். அந்தக் குடும்பம் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையைச் சேராதது. அப்படிப்பட்டவர்களுக்கு அன்று ஆக்ஸ்ஃபர்டும் கேம்பிரிட்ஜும் பட்டம் கொடுக்கா. அரசுப் பதவியும் இல்லை. எனவே அவர்கள் தங்களுக்கென்று தனிக் கல்விக்கூடங்களை நடத்திக்கொண்டார்கள். டாவென்ட்ரி என்ற ஊரில் இருந்த அத்தகைய ஒன்றில்தான் பிரீஸ்ட்லி படித்தார். கதவடைக்கப்பட்ட சமூகம் தானே கட்டிக்கொண்ட பள்ளி, அன்றைய பல்கலைக்கழகங்களைவிட நன்றாகவே அறிவியல் சொல்லிக் கொடுத்தது என்பது தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நமக்குக் கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

அவருக்குத் திக்குவாய். ஆனாலும் போதகர் வேலைக்கே போனார். முதலில் போன நீடம் மார்க்கெட் என்ற சிற்றூரில் சபையாருக்கு அவருடைய பேச்சும் பிடிக்கவில்லை, கருத்தும் பிடிக்கவில்லை. வறுமையில் மூன்று ஆண்டுகள் கழிந்தன. அடுத்துப் போன நான்ட்விச் ஊரில் பள்ளிக்கூடம் ஒன்று தொடங்கி, மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு காற்றுப் பம்பும் ஒரு மின்பொறியும் வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்து இயக்கவைத்தார். 1761இல் வாரிங்டன் கல்விக்கூடத்தில் ஆசிரியரானார். எதற்கு? மொழிகளுக்கும் இலக்கியத்துக்கும்! மொழிக் கழக மலரில் இதைச் சொல்லாமல் விட முடியுமா? அதே ஆண்டில் அவர் ஓர் ஆங்கில இலக்கண நூலும் எழுதினார். இலத்தீன் விதிகளை ஆங்கிலத்தின்மேல் போட்டு அழுத்தாமல், மக்கள் உண்மையில் எப்படி எழுதுகிறார்கள் பேசுகிறார்கள் என்பதைப் பார்த்தே இலக்கணம் சொல்லவேண்டும் என்பது அதில் அவருடைய போக்கு. கண்ணால் பார்த்ததை முதலில் எழுது, விதியைப் பிறகு பார்க்கலாம் என்ற இந்த மனம்தான் பின்னால் காற்றையும் ஆராய்ந்தது என்பது என் எண்ணம்.

1762இல் இரும்பாலை முதலாளி ஒருவரின் மகளான மேரி வில்கின்சனை மணந்தார். இலண்டனில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் நட்புக் கிடைத்தது. அவர் கொடுத்த ஊக்கத்தில் மின்சாரத்தின் வரலாற்றை எழுதினார். அந்நூல் 1767இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டே இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியிருந்தது.

அதே 1767இல் லீட்ஸ் நகரின் மில் ஹில் சபைக்குப் போதகராக வந்தார். முதலில் குடியிருந்த வீட்டை ஒட்டி ஒரு பீர் ஆலை இருந்தது. வேறொரு போதகராக இருந்தால் முகம் சுளித்து வேறு வீடு பார்த்திருப்பார். இவர் ஆலைக்குள் போய் எட்டிப் பார்த்தார். நொதித்துக்கொண்டிருக்கும் பெரிய தொட்டிகளின் மேல் ஏறத்தாழ ஓரடி உயரத்துக்குக் காற்று ஒன்று கனமாகப் படிந்து கிடந்தது. எரியும் குச்சியை அதில் இறக்கினால் அணைந்தது. அணைந்த குச்சியின் புகை அந்தக் காற்றின்மேல் மிதந்து, தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தண்ணீர்போல் கீழே வழிந்தது. ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 1750களில் சுண்ணாம்புப் பொருள்களிலிருந்து பிரித்தெடுத்து ஆராய்ந்த அதே வளிதான் இது. சாதாரணக் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது.

பிரீஸ்ட்லி இரண்டு பாத்திரங்களை அந்தப் படலத்துக்குள் பிடித்துக்கொண்டு தண்ணீரை இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் மாற்றி மாற்றி ஊற்றினார். நம் மாமாக் கடைகளில் தே தாரிக் ஆற்றுவார்களே, அதே வேலை. தே தாரிக் ஆற்றும்போது சாதாரணக் காற்று கலக்கிறது. இங்கே கலந்தது கரிவளி. சில நிமிடங்களில் தண்ணீருக்கு ஒரு சுறுசுறுப்பான புளிப்புச் சுவை வந்துவிட்டது. ஐரோப்பாவின் பணக்காரர்கள் ஜெர்மானிய ஊற்றுகளிலிருந்து அதிக விலை கொடுத்து வரவழைத்துக் குடித்த மருந்து நீரின் சுவை அது.

பிறகு அவர் வீடு மாறினார். இலவசக் காற்று நின்றுபோயிற்று. என் கதை அவருக்கும் வந்தது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கடை கடையாக அலையவில்லை. அன்று கடையும் இல்லை. சுண்ணக்கட்டியைத் தூளாக்கிப் போத்தலில் போட்டு, நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றி, பொங்கிவரும் வளியை ஒரு பன்றியின் சிறுநீர்ப்பையில் பிடித்து, அதை அமுக்கி நீருக்குள் செலுத்திக் குலுக்கினார். 1772இல் இந்தச் செய்முறையை ஒரு சின்ன நூலாக அச்சிட்டு ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்துகொள்ளலாம் என்பதே அந்த நூலின் நோக்கம்.

அவருக்கு இதில் பெரிய ஆசை ஒன்று இருந்தது. நெடுங்கடல் பயணங்களில் மாலுமிகளை அள்ளிக்கொண்டு போன ஸ்கர்வி நோய்க்கு இந்த நீர் மருந்தாகும் என்று நம்பினார். கடற்படைத் தலைமையும் கேட்டுக்கொண்டது. 1772இல் புறப்பட்ட கேப்டன் குக்கின் இரண்டாம் பயணக் கப்பல்களுக்கு அவருடைய முறை சொல்லிக் கொடுக்கப்பட்டது. நம்பிக்கை தவறு. ஸ்கர்வி உயிர்ச்சத்து சி குறைவால் வருவது. சோடாவில் அது துளியும் இல்லை. அதே பயணத்தில் அவரையே உடன் அனுப்பும் பேச்சும் எழுந்து, அவருடைய சமயக் கருத்துகள் காரணமாகக் கைவிடப்பட்டது.

மருத்துவர் ஜான் மெர்வின் நூத் என்பவர் சிறுநீர்ப்பையால் தண்ணீரில் வேறு வாடை வருகிறது என்று குறை சொல்லி, கண்ணாடியிலேயே ஒரு கருவி அமைத்தார். பிரீஸ்ட்லிக்கு முதலில் கோபம். பிறகு நூத்தின் கருவியே மேல் என்று ஒப்புக்கொண்டார். ஜெனீவாவில் நகைத் தொழிலும் கடிகாரத் தொழிலும் தெரிந்த யோஹன் யாக்கோப் ஷ்வெப் 1783இல் சோடாவைத் தொழிலாகவே தொடங்கி, 1792இல் இலண்டனுக்கும் கொண்டுபோனார். அந்தப் பெயர் இன்றும் போத்தல்களில் இருக்கிறது. 1883இல் சிங்கப்பூரில் ஃப்ரேசரும் நீவும் தொடங்கிய சோடாத் தொழிற்சாலை, 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் என்று நம் தாத்தாக்கள் குடித்த சோடாக்களும் இந்த வழியில் வந்தவைதான். பிரீஸ்ட்லிக்கு இவற்றில் ஒரு காசும் வரவில்லை.

லீட்ஸில் இருந்தபோது அவர் செய்த இன்னொரு சிறு காரியம் மலேசியத் தமிழர்கள் அறியவேண்டியது. 1770இல் ஓவியம் வரைவோருக்காக ஒரு நூல் எழுதினார். பென்சில் கோட்டை அழிக்க அருமையான ஒரு பொருள் இலண்டனில் கிடைக்கிறது, அரை அங்குலக் கட்டி மூன்று ஷில்லிங், பல ஆண்டுகளுக்கு வரும் என்று அதில் ஒரு குறிப்புச் சேர்த்தார். மரத்தின் பாலிலிருந்து வந்த பொருள். தேய்த்து அழிப்பது என்ற அந்த வேலையிலிருந்துதான் ஆங்கிலத்தில் அதற்கு ரப்பர் என்ற பெயரே வந்தது. கெடாவில் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் மரம் சீவிய என் தாத்தாவுக்கு இந்தப் பெயர் வந்த கதை தெரியாது. சொல்லியிருந்தால் மூன்று ஷில்லிங் யாருக்குப் போயிற்று என்று கேட்டிருப்பார்.

1771இல் மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த, அதாவது கெட்டுப்போன காற்றில் ஒரு புதினாக் கொத்தை வைத்து மூடினார். சில நாள்கள் கழித்து அதே காற்றில் மெழுகுவர்த்தி மீண்டும் எரிந்தது. செடி காற்றைச் சீர்செய்கிறது என்று உலகுக்கு முதலில் காட்டியவர் இவர். 1773இல் ஷெல்பர்ன் பிரபுவின் நூலகராக, ஆண்டுக்கு 250 பவுண்டு ஊதியத்தில் சேர்ந்தார். 1774 ஆகஸ்ட் முதல் நாள், பெரிய குவிவில்லையால் சூரிய ஒளியைச் சிவந்த பாதரசச் சுண்ணத்தின்மேல் குவித்தார். வந்த வளியில் மெழுகுவர்த்தி வெகு பிரகாசமாக எரிந்தது. பின்னர் அடைத்து வைத்த எலியும் எதிர்பார்த்ததைவிட நெடுநேரம் பிழைத்தது. தானும் அதைச் சுவாசித்துப் பார்த்தார். சுவீடனின் ஷீலே அவருக்கு முன்பே அதைப் பிரித்திருந்தாலும் அச்சேறியது பிரீஸ்ட்லியின் முடிவே முதலில். அவ்வாண்டே பாரிசில் ஒரு விருந்தில் லவாய்சியருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மறைத்து வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் அவருக்கு இல்லையே. லவாய்சியர் அந்த வளியைக் கொண்டு புதிய வேதியியலையே கட்டினார். பிரீஸ்ட்லியோ எரியும் பொருளிலிருந்து ஃபுளோஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்ற பழைய கொள்கையைச் சாகும்வரை விடவில்லை. இலக்கணத்தில் விதியை உதறியவர் வேதியியலில் ஏன் ஒரு விதியைக் கட்டிக்கொண்டு அழுதார் என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன், விடை கிடைக்கவில்லை.

1780இல் பர்மிங்காமுக்கு வந்தார். ஜேம்ஸ் வாட், வெட்ஜ்வுட், எராஸ்மஸ் டார்வின் ஆகியோர் கூடிய லூனார் சங்கத்தில் சேர்ந்தார். பிரான்சிஸ் லைட் நம் தீவில் கொடியேற்றிய 1786இல் அவர் அங்கேதான் இருந்தார். ஆனால் நாடு அவரை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கியிருந்தது. அரசுத் திருச்சபையின் கோட்பாடுகளை எதிர்த்தும், அமெரிக்க, பிரெஞ்சுப் புரட்சிகளை ஆதரித்தும் வெளிப்படையாக எழுதினார். 1791 ஜூலை 14ஆம் நாள் பாஸ்டீல் வீழ்ச்சியின் நினைவு விருந்து ஒன்று பர்மிங்காமில் நடந்தது. அவர் அதற்குப் போகவே இல்லை. ஆனாலும் கும்பல் அவர் சபையைக் கொளுத்திவிட்டு அவர் வீட்டை நோக்கி வந்தது. கணவனும் மனைவியும் சற்று முன்னதாகத் தப்பினார்கள். நூலகம், ஆய்வுக்கூடம், பல ஆண்டுகளின் கையெழுத்துப் படிகள் எல்லாம் போயின. இழப்பீடாகக் கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. எதையும் பூட்டி வைக்காதவரின் வீட்டை உடைத்துக்கொண்டு புகுந்தார்கள்.

1794இல் அறுபத்தொரு வயதில் கப்பலேறி அமெரிக்கா போய், பென்சில்வேனியாவில் நார்தம்பர்லாந்து என்ற ஆற்றங்கரைச் சிற்றூரில் குடியேறினார். பிலடெல்பியாவில் வேதியியல் பேராசிரியர் பதவி தர முன்வந்தார்கள், மறுத்துவிட்டார். 1795இல் இளைய மகன் ஹென்றி இறந்தான். அடுத்த ஆண்டு மேரியும் இறந்தார். கட்டி முடிக்காத வீட்டின் ஆய்வுக்கூடத்தில் அவர் தனியாகச் சோதனைகளைத் தொடர்ந்தார்.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்கு ஒரு கணக்குத் தோன்றியது. நூறு கிராம் சர்க்கரை முழுதும் நொதித்தால் ஏறத்தாழ 49 கிராம் கரிவளி வெளிவரும். ஆறு லிட்டர் சோடாவுக்குப் போதும். பானம் செய்பவன் அதைக் காற்றில் விட்டுவிட்டு, அதையே விலைக்கு வாங்க ஊரெல்லாம் அலைகிறான். எனவே சர்க்கரையும் ஈஸ்டும் கலந்த ஒரு பிளாஸ்டிக் போத்தலிலிருந்து குழாய் வைத்து, குளிர்பெட்டியில் இருந்த தண்ணீர்ப் போத்தலுக்குள் வளியைச் செலுத்திப் பார்த்தேன். அழுத்தம் ஏறாமலிருக்க ஒரு வாய் திறந்தே இருந்தது. புளிப்பு வந்தது, பொங்கல் வரவில்லை. சாதாரண அழுத்தத்தில், 4 பாகைத் தண்ணீர் தன் கொள்ளளவைப்போல் ஒன்றரை மடங்கு கரிவளிதான் ஏற்கும். 30 பாகைத் தண்ணீர் அதில் பாதிகூட ஏற்காது. கடைச் சோடாவில் இருப்பது நான்கு மடங்கு. யார்க்‌ஷர் குளிரில் பிரீஸ்ட்லிக்கு நடந்தது கெளுகோரில் எனக்கு நடக்காது.

கடைசியில் சிலிண்டர் கிடைத்தது வண்ணமீன் கடையில். தொட்டிச் செடி வளர்ப்பவர்கள் நீருக்குள் கரிவளி விடுவார்கள். பிரீஸ்ட்லியின் புதினாவுக்கு உறவுக்காரச் செடிகள்தாம் எல்லாம். அடுத்த வீதியில் குடியிருக்கும் செடி வளர்ப்பாளர் ஒருவரோடு சேர்ந்து, கழுத்தில் சோதனைத் தேதி தெளிவாகப் பொறித்த இரண்டு கிலோ சிலிண்டரைப் பாதிப் பாதி விலைக்கு வாங்கினோம். அழுத்தம் குறைக்கும் கருவி என் பங்கு. நிரப்புவதற்கு மட்டும், பானத்துக்குரிய தரமான வளி தரும் இடத்தைத் தேடிக்கொண்டேன். சிலிண்டர் சன்னல் ஓரத்தில், வெயில் படாமல், சுவரோடு சங்கிலியால் கட்டி நிற்கிறது.

பிரீஸ்ட்லி 1804 பிப்ரவரி 6ஆம் நாள் நார்தம்பர்லாந்தில் இறந்தார். அன்று காலையிலும் படுக்கையில் இருந்தபடி தம் எழுத்துகளில் செய்யவேண்டிய திருத்தங்களைச் சொல்லி எழுதவைத்தார். அவர் உயிர்வளியைக் கண்டு நூறு ஆண்டு நிறைந்த 1874இல் அமெரிக்க வேதியியலாளர்கள் அந்த வீட்டில் கூடினார்கள். அங்கே எழுந்த பேச்சிலிருந்து இரண்டு ஆண்டுகளில் அமெரிக்க வேதியியல் கழகம் உருவாயிற்று. வீடு இன்று அருங்காட்சியகம். அவர் தனியே நின்று வேலை செய்த ஆய்வுக்கூடம் அதன் ஒரு பக்கத்தில் இருக்கிறது.